அடுத்த வருஷம் போட்டி வேணுமா, வேணாமா? – கடிதம்

அன்பின் சேர்,

களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதுகிறேன். இரண்டு வருடமாக உங்கள் தளத்தை வாசித்தாலும் எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு சைக்கிள் ஓட்டம் என்றால் பைத்தியம். ஜூலை மாதம் முழுக்க டேட்டா முடிய முடியப் போட்டு டூர் டி பிரான்ஸ் பார்ப்பேன். இந்த முறை பார்த்து முடித்த கையோடு பழைய கதைகளைத் தேடி வாசித்தேன். ஊக்கமருந்தால் பறிபோன ஆம்ஸ்ட்ரோங்கின் ஏழு டூர் பட்டங்கள், பெஸ்டினா அணி, இத்தாலிக்காரர் பன்டானி. வாசிக்க வாசிக்க மனம் விட்டுப்போச்சு.

எல்லோரும் ஊக்கமருந்து எடுத்த காலத்தில் ஆம்ஸ்ட்ரோங்கை மட்டும் போட்டு மிதிப்பது நியாயமா? டொக்டர்களின் மேற்பார்வையில் எல்லோருக்கும் அனுமதித்துவிட்டால் போட்டி சமமாகிவிடும் அல்லவா? இவ்வளவு பரிசோதனை செய்தும் உலக சைக்கிள் சம்மேளனத்தால் ஏன் பிடிக்க முடியாமல் போனது? இப்போது ஓடுகிறவர்களை நம்பலாமா? இனி நான் டூர் பார்ப்பதா, விடுவதா?

த.
களுவாஞ்சிக்குடி

பி.கு.: வருகிற சித்திரைக்கு எங்கள் பக்கத்தில் நடக்கும் சைக்கிள் ஓட்டப் போட்டியில் நானும் ஓடுகிறேன். ஜிம் மாஸ்டர் ஒரு பவுடர் தந்திருக்கிறார். பெரிய டப்பாவில் இருந்து பிரித்துத் தந்தது, லேபல் இல்லை. களைப்பே தெரியாதாம். இதெல்லாம் ஊக்கமருந்துக் கணக்கில் வராதுதானே?

*

அன்பின் த.,

பின்குறிப்பில் இருந்தே தொடங்குகிறேன். ஐரோப்பாவில் முப்பது வருடத்துக்கு முந்தி நடந்த களவுக்கெல்லாம் மனம் விட்டுப்போகிற பிள்ளை, தன் வீட்டு மேசையில் பெயரில்லாத மாவை வைத்துக்கொண்டு 'வராதுதானே' என்று கேட்கிறது. கோவிக்க வேண்டாம் தம்பி. கோழித்தீன் வாங்கினாலும் பையைத் திருப்பிப் பார்த்துத்தானே வாங்குவீர்கள்?

ஸ்பெயின் ஓட்டக்காரர் அல்பேர்ட்டோ கொன்டடோர் கதையை வாசித்திருப்பீர்கள். 2010 டூரில் அவருடைய சிறுநீரில் கிளென்பியூட்டரோல் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது. ஒரு மில்லிலீற்றரில் 50 பிக்கோகிராம். ஒரு கிராமை ஒரு இலட்சம் கோடி பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் பிக்கோகிராம். சாப்பிட்ட மாட்டிறைச்சியில் இருந்து வந்தது என்றார் அவர். 2012இல் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் பட்டத்தைப் பறித்தது. இறைச்சியைவிட, கலப்படமான ஏதோ ஒரு சப்ளிமென்ட்டில் இருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும் சொன்னது. அதாவது உங்களுடைய பவுடர் மாதிரி ஒன்று. உடம்பில் என்ன இருந்தாலும் அதற்கு ஓட்டக்காரரே பொறுப்பு என்பதுதான் விதி. 'மாஸ்டர் தந்தார்' என்பது அங்கே செல்லாது.

சித்திரைப் போட்டிக்கு யாரும் சிறுநீர்ப் போத்தலோடு வந்து நிற்கப்போவதில்லை, அது எனக்கும் தெரியும். என் பயம் வேறு. களைப்பு என்பது 'போதும், நிறுத்து' என்று உடம்பு சொல்கிற சொல். அந்த வாயைப் பொத்திவிட்டு சித்திரை வெயிலில் கல்முனை ரோட்டில் மிதிக்கப்போகிறீர்களா? 1967 ஜூலை 13, வொன்டூ மலையில், கொதிக்கிற வெயிலில் டொம் சிம்ப்சன் என்ற ஆங்கிலேய ஓட்டக்காரர் சைக்கிளில் இருந்து விழுந்து செத்தார். வயது 29. அம்பெற்றமினும் மதுவும் உடம்பில் இருந்தன. அம்பெற்றமின் செய்கிற வேலை இதுதான், களைப்பைத் தெரியவிடாது. உங்கள் மாஸ்டர் சொன்ன அதே வசனம். டப்பாவை எறியுங்கள். இந்த விஷயம் முடிந்தது.

டொக்டர் மேற்பார்வையில் அனுமதிப்பது பற்றி. இதற்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் பதில் எழுதுகிறேன். காரணம் என் அக்கா.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் இரண்டு தரம் டயலிசிஸ் செய்துகொண்டிருந்தார். சிறுநீரகத்தின் வேலை சிறுநீர் பிரிப்பது மட்டும் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். 'இரத்தச் சிவப்பணு செய்' என்று எலும்பு மச்சைக்குச் செய்தி அனுப்புவதும் அதுதானாம். அந்தச் செய்தியின் பெயர் எரித்ரோபொயட்டின், சுருக்கமாக ஈ.பி.ஓ. சிறுநீரகம் போனால் செய்தி போகாது, இரத்தம் வற்றும், கட்டிலில் இருந்து குசினிக்குப் போக மூன்று தரம் சுவரைப் பிடிக்க வேண்டும். அந்தச் செய்தியை ஊசியாக ஏற்றுவார்கள். சில வாரங்களில் நான் வெளியில் வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பென்சில் நீளம்கூட இல்லாத சிறிஞ்சு. சூடு படக்கூடாது, குலுக்கக்கூடாது. பிளாஸ்கில் ஐஸ் துண்டு போட்டு, அதற்கு மேல் துணி சுற்றி வைத்து, கல்லடிப் பாலத்தில் பஸ் குலுங்குகிறபோது பச்சைப்பிள்ளையை ஏந்துவதுபோல மடியில் ஏந்திக்கொண்டு போவேன். இரண்டு மாதத்தில் அக்காவின் நகத்தில் ரோஸ் நிறம் வந்தது. ஒரு நாள் கிணற்றடிக்குத் தானாக நடந்துபோய், "டேய், மூச்சு வாங்கல்லடா" என்று அங்கிருந்து கூப்பிட்டார்.

1998 ஜூலை 8ஆம் திகதி பிரான்ஸ்–பெல்ஜியம் எல்லையில் பெஸ்டினா அணியின் உதவியாளர் வில்லி வூட்டின் காரில் சுங்கக்காரர்கள் பிடித்த மருந்துகளில் அதே ஈ.பி.ஓ. இருந்தது. நல்ல சிறுநீரகம் இரண்டும் உள்ள மனிதர்களுக்காக. சாதாரண இரத்தம் உள்ளவனுக்கு அதை ஏற்றினால் இரத்தம் தடிக்கும், அதிக ஒட்சிசன் சுமக்கும், உறைந்து அடைக்கவும் கூடும். பெஸ்டினாவுக்கு அணி டொக்டர் இல்லாமலா இருந்தார்? ஸ்பெயினில் 2006இல், ஓட்டக்காரர்களுக்கு மறுபடி ஏற்ற எடுத்து வைத்த 200க்கு மேற்பட்ட இரத்தப் பைகளோடு பிடிபட்ட வலைப்பின்னலின் தலைவர் பூவெந்தஸ் யார்? டொக்டர். 2019இல் ஜேர்மனியின் ஏர்பூர்ட்டில் அதே வேலையில் பிடிபட்டவரும் டொக்டர். நீங்கள் கேட்கிற மேற்பார்வை எல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, தம்பி. சமமாகவும் இல்லை. நல்ல டொக்டருக்குக் காசு இருந்தவன் முன்னுக்குப் போனான், அவ்வளவுதான்.

அடுத்தது, 'எல்லோரும் எடுத்தார்கள்'. இந்த வசனத்தை இனி என்னிடம் சொல்லாதீர்கள். கிறிஸ்தோப் பசோன் எடுக்கவில்லை. அவரும் பெஸ்டினா அணிதான், 'அவன் எடுக்கிறதில்லை' என்று கூட ஓடியவர்களே பொலிஸில் சொன்ன ஆள். 1999 டூரில் ஓடிக்கொண்டே ஒரு பத்திரிகைக்குப் பத்தியும் எழுதினார், இந்த வேகம் நம்பும்படியாக இல்லை என்ற தொனியில். மற்ற ஓட்டக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஆம்ஸ்ட்ரோங் ஓட்டத்தின் நடுவே பக்கத்தில் வந்து, வீட்டுக்குப் போ என்றார். சில நாட்களில் அந்த மனிதர் போயே விட்டார். வயது 25. அந்த வயதில் ஐரோப்பாவின் மலையொன்றில் இருநூறு பேருக்கு நடுவே ஒருவனும் முகம் பார்க்காமல் மிதிப்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் பல தரம் யோசித்திருக்கிறேன். இன்னொன்று கேளுங்கள். 2012இல், ஆம்ஸ்ட்ரோங் மாட்டிய அதே வருடம், ஒரு மலைச் சைக்கிள் போட்டியை இடையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பசோனுக்கு, பரிசோதனைக்கு வரவில்லை என்று பிரெஞ்சு சம்மேளனம் ஒரு வருடத் தடை போட்டது. மேன்முறையீட்டில் அது ஒரு மாதமானது. சட்டப்படி சரிதான். வாசித்துவிட்டு நான் கதிரையை விட்டு எழும்பி வெளியே போய் நின்றேன்.

ஆம்ஸ்ட்ரோங்கின் ஏழு பட்டங்களும் இன்று யாருக்கும் இல்லை. அடுத்த இடங்களில் வந்தவர்களில் கனபேரும் அதே சேற்றில் நின்றதால், அந்த ஏழு வருடங்களையும் வெறுமையாகவே விட்டுவிட்டார்கள். நம்முடைய ஓட்ட வீராங்கனை சுசந்திகாவுக்காவது 2000 சிட்னி ஒலிம்பிக்கில் கிடைத்த வெண்கலம், முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை 2007இல் ஒப்புக்கொண்ட பிறகு வெள்ளியாக மாறியது. மேடை, கொடி, அன்றைய கைதட்டல் ஒன்றும் திரும்பி வரவில்லை, சரி. வெள்ளியாவது வந்தது.

இப்போது சம்மேளனம். உங்கள் கடிதம் வர முன்னரே இது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. 'ஏன் பிடிக்க முடியவில்லை' என்று கேட்கிறீர்கள். முடியவில்லையா? எனக்கு அதில் சந்தேகம்.

1998இல் பிடித்தது சுங்கம். 2006இல் ஸ்பெயினின் பொலிஸ். 2012இல் ஆம்ஸ்ட்ரோங்கைப் பிடித்தது அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம், கூட ஓடிய 11 பேர் உட்பட 26 பேரின் சாட்சியத்தோடு. அந்த நேரம் யூ.சி.ஐ. என்கிற உலக சைக்கிள் சம்மேளனம் என்ன செய்துகொண்டிருந்தது? இந்த வழக்கை விசாரிக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்று அந்த முகவரகத்தோடு தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தது. சம்மேளனத்தைப் பற்றி எழுதிய அயர்லாந்து நிருபர் போல் கிம்மேஜ் மேல் அதன் தலைவரும் முன்னாள் தலைவரும் வழக்குப் போட்டிருந்தார்கள். ஒக்டோபர் 22ஆம் திகதி அதே தலைவர் வந்து, ஆம்ஸ்ட்ரோங்குக்கு சைக்கிள் ஓட்டத்தில் இடமில்லை என்று அறிவித்தார். அந்த ஆம்ஸ்ட்ரோங் 1 இலட்சத்துக்கு மேல் டொலர் அதே சம்மேளனத்துக்கு நன்கொடை கொடுத்தவர். அதையும் வாங்கி வைத்திருந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு பரிசோதனை முடிவை மறைத்ததற்கு ஆதாரமில்லை என்று 2015இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 1999 டூரில் அவருடைய சிறுநீரில் கோர்ட்டிசோன் வகை மருந்து தென்பட்ட விவகாரத்தில் பின்திகதியிட்ட மருந்துச்சீட்டை ஏற்றுக்கொண்டு அவரைத் தப்பவிட்டார்கள் என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது அந்த 50 வீதக் கணக்கு. 1997இல் ஈ.பி.ஓ.வைக் கண்டுபிடிக்கப் பரிசோதனை இல்லை. அதனால் இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 வீதத்தைத் தாண்டினால் 15 நாள் ஓடக்கூடாது என்று விதி போட்டார்கள். தண்டனை என்று சொல்லவில்லை, உடல்நலத்துக்காக ஓய்வாம். என்ன நடந்தது? அணிகள் இரத்தத்தைச் சுழற்றி அளக்கிற சின்ன இயந்திரங்களை ஹோட்டல் அறைக்குக் கொண்டுபோய், 49இல் நிறுத்தப் பழகிக்கொண்டன. அதுவரை மருந்துக்கு அளவு தெரியாமல் இருந்தது, சம்மேளனம் அளவு சொல்லிக் கொடுத்தது. 1999 ஜூன் 5, இத்தாலிச் சுற்று முடிய இரண்டே நாள், பன்டானி முன்னுக்கு. காலையில் இரத்தம் எடுத்தார்கள். 52. வீட்டுக்குப் போ. நாடே தலையில் வைத்து ஆடிய மனிதர் 2004 பெப்ரவரியில் ரிமினியில் ஒரு ஹோட்டல் அறையில் தனியாகச் செத்துக் கிடந்தார், கொக்கெயின். 34 வயது. 49 காட்டியவர்கள் தொடர்ந்து ஓடினார்கள்.

நான் ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்று எழுதப்போகிறீர்கள். 2006 டூரில் முதலாவதாக வந்த லாண்டிஸும் கொன்டடோரும் பரிசோதனையில்தான் மாட்டினார்கள். இரத்தக் கடவுச்சீட்டை 2008இல் தொடங்கியதும் இதே சம்மேளனம்தான், ஓட்டக்காரரின் இரத்தக் கணக்கை வருடக்கணக்காகக் குறித்து வைத்து, இயல்புக்கு மாறான ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பது. நல்ல வேலை. 2021இல் பரிசோதனைப் பொறுப்பை வெளியில் இருக்கிற சர்வதேச பரிசோதனை முகவரகத்திடம் ஒப்படைத்தும் விட்டார்கள். போட்டி நடத்துகிறவனும் விளம்பரம் தேடுகிறவனும் பொலிஸ்காரனும் ஒரே ஆளாக இருக்க முடியாது என்று விளங்குவதற்கு இவ்வளவு காலம் எடுத்தது.

எனக்கு அது 1982 சித்திரையிலேயே விளங்கிவிட்டது. வயது 16.

எங்கள் கழகம் நடத்திய சைக்கிள் ஓட்டம். கல்லடியில் தொடங்கி, களுவாஞ்சிக்குடிச் சந்தியில் திரும்பி, மறுபடி கல்லடி. கிரான்குளத்துக்கும் குருக்கள்மடத்துக்கும் நடுவே ரோட்டோரம் ஒரு பூவரசு, அதற்குக் கீழே நான். கையில் கொப்பி, வேலை, திரும்பி வருகிறவர்களின் இலக்கத்தை வரிசையாகக் குறிப்பது. பத்து மணி இருக்கும். ஒரு மீன் லொறி வந்தது. அதன் பின்பலகையைப் பூட்டுகிற சங்கிலியை இடக்கையால் பிடித்துக்கொண்டு, மிதிக்காமல், எங்கள் கழகத்துப் பொடியன் வந்தான். என்னைக் கண்டதும் கண்ணடித்தான். நான் இலக்கத்தைக் குறித்தேன். முதலாவது.

கனநேரம் ஒருவரும் இல்லை. அப்புறம் தாழங்குடாப் பக்கத்து மீன்காரர் ஒருவர் வந்தார், என்னைவிட ஐந்தாறு வயது மூப்பு. விடியற்காலையில் மீன் பெட்டி கட்டுகிற அதே சைக்கிள். கெரியரைக் கழற்றியிருந்தார், ஆணி பூட்டிய ஓட்டைகள் வெறுமையாகத் தெரிந்தன. செருப்பு வழுக்காமல் இருக்க காலையும் பெடலையும் சேர்த்து டியூப் துண்டால் கட்டியிருந்தார். என்னைக் கடக்கும்போது தலை நிமிராமலே கேட்டார்: "மனே, முன்னுக்கு எத்தின பேர்?"

"ஒராள்."

"எவ்வளவு தூரம்?"

நான் என்ன சொல்ல? அவர் போய்விட்டார்.

பின்னேரம் கழகத் தலைவரைத் தேடிப் போனேன். வாடகைக் கதிரைகளை எண்ணிக்கொண்டு நின்றார். லொறி, சங்கிலி, கண்ணடித்தது, எல்லாம் சொன்னேன். எண்ணிக்கை பிசகாமல் இருக்க விரலை ஒரு கதிரையில் வைத்துக்கொண்டே கேட்டார். பொய் என்று சொல்லவில்லை. "அந்தப் பொடியன்ட மாமாதான் பரிசெல்லாம் குடுத்த முதலாளி. உனக்கு அடுத்த வருஷம் போட்டி வேணுமா, வேணாமா?" என்றார். பிறகு விட்ட இடத்தில் இருந்து எண்ணத் தொடங்கினார்.

யூ.சி.ஐ. பற்றி ஆயிரம் பக்கம் வாசித்துவிட்டேன் தம்பி, இந்த வசனத்துக்கு மேல் ஒன்றையும் நான் அங்கே காணவில்லை. தலைவர் கெட்டவர் இல்லை. ஊருக்கு மைதானம் கொண்டுவந்தவர், மழைக்காலத்தில் தன் காசில் பிள்ளைகளுக்குப் பந்து வாங்கியவர். போட்டியில் அவருக்கு உயிர், அதனால்தான் கேட்டார். என் பதில் என்ன என்கிறீர்களா? அடுத்த வருடம் என்னை முடிவுக்கோட்டில் நேரம் பார்க்கப் போட்டார்கள். கழுத்தில் ஸ்டொப்வொச். அதுவரை நான் அப்படி ஒன்றைத் தொட்டதே இல்லை. மாட்டிக்கொண்டேன்.

மலையேறுகிற வேகத்தைப் போனில் பார்த்து இப்போதைய ஓட்டக்காரர்கள் மேல் சந்தேகப்பட எனக்கு விருப்பமில்லை. டூர் பார்ப்பதா விடுவதா என்பது உங்களுடைய டேட்டா, உங்களுடைய ஜூலை. ஜூலையில் நானும் பார்ப்பேன், முன்னுக்குப் போகிறவர்களை அல்ல, கடைசிக் கூட்டத்தில் நேரம் தப்பாமல் வந்து சேரப் படாதபாடு படுகிறவர்களை.

மூன்று வருடம் முந்தி, ஒரு மரண வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில் அந்த மீன்காரர் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் பரிசாகக் கிடைத்த சுவர் மணிக்கூடு மண்டபத்தில் தொங்கியது, சாவி கொடுக்கிற பழைய சாமான், ஓடவில்லை. கழற்றச் சொல்லி மருமகள் பேசுகிறாராம். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணன், அண்டைக்கு…" என்று தொடங்கினேன்.

"லொறியா?" என்றார். "அவன் கப்பத் தூக்கக்குள்ள பார்த்தன். இடக்கை முழுக்க கிறீஸ். சைக்கிள் ஓடினவனுக்கு உள்ளங்கையில எப்பிடி மனே கிறீஸ் வரும்?"

நான் பேசவில்லை.

"நீ அந்தப் பூவரசுக்குக் கீழதானே இருந்தாய். நீ சொல்லுவாய் எண்டு நினைச்சன்."

பிறகு உள்ளே பார்த்து, "புள்ள, சேருக்குச் சுறா கொஞ்சம் கட்டிக் குடு" என்று மருமகளுக்குக் குரல் கொடுத்தார். பொலித்தீன் பையில் ஐஸோடு கட்டித் தந்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன்.